எல்லை கடந்தும் தொடரும் வரி

வட அமெரிக்காவின் கிழக்கு ஓரத்தில் செயின்ட் குரோய் என்றோர் ஆறு ஓடுகிறது. ஆற்றின் ஒரு கரையில் கேலிஸ் என்னும் சிற்றூர் இருக்கிறது; அது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மெயின் மாநிலத்தைச் சேர்ந்தது. மறு கரையில் செயின்ட் ஸ்டீபன் என்னும் ஊர். அது கனடாவில் நியூ பிரன்சுவிக் மாகாணத்தைச் சேர்ந்தது. இரண்டையும் பாலம் இணைக்கிறது. நாடு வேறாயினும் இரண்டு ஊராருக்கும் நெடுங்காலமாகக் கொள்வினை கொடுப்பினை உண்டு. பெட்ரோல் போட ஒரு கரை, உறவினரைப் பார்க்க மறு கரை என்று மக்கள் போய்வருவார்கள். முன்னாளில் செயின்ட் ஸ்டீபனில் வாழ்ந்த தாய்மார் சிலர் பிள்ளைப்பேற்றுக்குப் பாலத்தைக் கடந்து கேலிஸ் மருத்துவமனைக்குச் சென்றார்கள். சில நாள் கழித்துக் குழந்தையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். நடந்தது அவ்வளவுதான்.

அவ்வாறு பிறந்த ஒரு பெண்மணியை நாம் எண்ணிக்கொள்வோம். அவர் என் கற்பனைப் படைப்பே. ஆனால் அவருடைய நிலையில் இருப்பவர்கள் மெய்யாகவே பலர். இப்போது அவர் அறுபது வயதை நெருங்குகிறார். கனடாவிலே படித்தார், கனடா நாட்டவர் ஒருவரை மணந்தார், கனடாவிலே பள்ளி ஆசிரியையாகப் பணிபுரிந்து, ஆண்டு தவறாமல் கனடா அரசுக்கு வரி செலுத்தி வருகிறார். 2025ஆம் ஆண்டில் ஒரு நாள், புதிய சேமிப்புக் கணக்குத் தொடங்க வங்கிக்குச் சென்றார். படிவத்தில் பிறந்த ஊர் என்னும் இடத்தில் கேலிஸ், மெயின் என்று எழுதினார். அதைப் படித்த வங்கி எழுத்தர் தலை நிமிர்ந்து, “அம்மா, தாங்கள் அமெரிக்கக் குடிமகள் ஆயிற்றே! தங்களுடைய அமெரிக்க வரி எண் என்ன?” என்று கேட்டார்.

ஆசிரியைக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து விசாரித்தபோதுதான் செய்தி தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த ஆண்டு முதல் அவர் அமெரிக்க அரசுக்கும் ஆண்டுதோறும் வருமான வரிக் கணக்கு அனுப்பியிருக்க வேண்டுமாம். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு நிலுவையில் நிற்கிறது. அன்றிரவு அவர் எப்படி உறங்கியிருப்பார்!

மாணவ நண்பர்களே, இப்படியும் ஒரு சட்டம் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உலகத்தில் ஏறக்குறைய எல்லா நாடுகளும் பின்பற்றும் முறை ஒன்றுதான். ஒருவர் எந்த நாட்டில் வாழ்கிறாரோ அந்த நாட்டுக்கு வரி செலுத்துகிறார். எந்த நாட்டில் பொருள் ஈட்டுகிறாரோ அந்த நாட்டுக்கும் அந்த வருவாய்க்கு உரியதைச் செலுத்துகிறார். குடியுரிமை எந்த நாட்டுடையது என்பது வரிக்குப் பெரும்பாலும் பொருட்டன்று. அமெரிக்கா மட்டும் வேறு வழியில் நடக்கிறது. அதன் குடிமகன் டோக்கியோவில் வாழ்ந்தாலும், நைரோபியில் வாழ்ந்தாலும், தன் உலக வருமானம் முழுவதையும் அமெரிக்காவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் வாழும் குடிமக்களிடம் வரி கேட்கும் இன்னொரு நாடாக எடுத்துக்காட்டப்படுவது ஆப்பிரிக்காவிலுள்ள எரித்திரியா. அது நூற்றுக்கு இரண்டு என்று ஒரு தீர்வை விதிக்கிறது.

இந்த விந்தையான முறை தோன்றியது அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது. 1861இல் வடபகுதி அரசு போர்ச் செலவுக்காக முதன்முதலில் வருமான வரிச் சட்டம் இயற்றியது. தாய்நாடு தீப்பற்றி எரியும்போது செல்வர் சிலர் ஐரோப்பாவில் சுகமாக வாழ்ந்துகொண்டு சுமையிலிருந்து தப்பலாகாது என்னும் எண்ணம் அன்று சட்டமியற்றுவோரிடம் இருந்தது. 1864ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டில் வாழும் குடிமக்களையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டது. போர் முடிந்தது, 1872இல் அந்த வரியும் மறைந்தது. ஆனால் 1913இல் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாக வருமான வரி மீண்டும் நிலைபெற்றபோது, குடியுரிமையைப் பற்றிய அந்தப் பழைய கருத்தும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. இதற்கிடையே 1868இல் நிறைவேறிய பதினான்காம் திருத்தம், அமெரிக்க மண்ணில் பிறந்தோர் குடிமக்களே என்று உறுதி செய்திருந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களின் உரிமையைக் காக்க எழுந்த உயர்ந்த விதி அது. அந்த விதியும் போர்க்காலத்து வரிக் கருத்தும் இணைந்து, செயின்ட் ஸ்டீபன் ஆசிரியையின் வீட்டுக் கதவைத் தட்டும் என்று அன்று எவர் நினைத்திருப்பார்!

இந்த முறை நியாயந்தானா என்று கேட்டு ஒருவர் நீதிமன்றத்துக்கே சென்றார். ஜார்ஜ் குக் என்பது அவர் பெயர். பிறப்பால் அமெரிக்கர், மெக்சிகோ நகரில் நிலையாகக் குடியேறியவர். அவருடைய சொத்தும் மெக்சிகோவில்தான் இருந்தது. வருமானமும் அங்கிருந்தே வந்தது. 1921ஆம் ஆண்டுக்குரிய வரியாக 1,193 டாலர் 38 சென்ட் செலுத்த வேண்டும் என்று அவருக்கு ஆணை வந்தது. அவர் ஆட்சேபணையுடன் முதல் தவணையைச் செலுத்திவிட்டு, அதைத் திருப்பித் தர வேண்டும் என்று வரி வசூல் அலுவலர் டெயிட் என்பவர்மீது வழக்குத் தொடுத்தார். “நானும் அங்கில்லை, என் சொத்தும் அங்கில்லை, பின் எந்த உரிமையால் வரி கேட்கிறீர்கள்?” என்பதே அவருடைய வாதத்தின் சாரம். 1924 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. குடிமகன் எங்கிருந்தாலும் அவனுக்கும் அவன் பொருளுக்கும் அரசு நன்மை செய்கிறது. ஆகவே வரி விதிக்கும் அதிகாரம் மண்ணைப் பொறுத்ததன்று, குடிமகனுக்கும் அரசுக்கும் உள்ள உறவைப் பொறுத்தது என்று நீதிபதி மெக்கென்னா எழுதினார். நூறாண்டு கடந்த பின்பும் அந்தத் தீர்ப்பே நிற்கிறது. என் மனத்துக்கு அது முழுமையாக ஒப்பவில்லை. மெக்சிகோவில் வாழ்ந்த குக்குக்குத் தம் அரசின் தூதரகம் ஓரளவு துணையாக இருந்திருக்கலாம். தாம் அமெரிக்கர் என்பதையே அறியாத ஒருவருக்கு எந்த அரசு என்ன நன்மை செய்திருக்கும்? ஆயினும் சட்டம் சட்டந்தான். அதை மாற்ற வேண்டியவர்கள் வாஷிங்டனில் இருக்கிறார்கள்; அதற்குள் ஆசிரியை ஒரு வழி கண்டாக வேண்டும்.

முதலில், அவர் எவ்வளவு பணம் தர வேண்டும்? இங்குதான் வியப்பு. பெரும்பாலும் ஒன்றும் தர வேண்டியதில்லை.

ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகள் வரி வாங்குவது முறையன்று என்பதை அமெரிக்கச் சட்டமும் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1918இலிருந்து, வெளிநாட்டு அரசுக்குக் கட்டிய வரியை அமெரிக்க வரியில் கழித்துக்கொள்ளலாம். 1926இலிருந்து, வெளிநாட்டில் உழைத்து ஈட்டிய ஊதியத்துக்கு விலக்கும் உண்டு. இடையில் அதன் அளவு பலமுறை மாறியிருக்கிறது. 2024ஆம் ஆண்டு வருமானத்துக்கு அந்த விலக்கின் உச்ச வரம்பு 1,26,500 டாலர். பள்ளி ஆசிரியையின் ஊதியம் இதற்குள் அடங்கிவிடும். சேமிப்புக்கு வந்த சில நூறு டாலர் வட்டியோ, எல்லாருக்கும் உரிய பொதுக் கழிவில் கரைந்துவிடும். ஆக, வரி பூஜ்யம்.

“வரியே இல்லையென்றால் கணக்கு எதற்கு? பேசாமல் இருந்துவிடலாமே” என்று தோன்றும். பலர் அப்படி இருந்துதான் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த விலக்கு தானாக வருவதன்று. கணக்கை அனுப்பி, அதற்குரிய படிவத்தில் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காதவரைப் பொறுத்தமட்டில், விலக்கு இல்லாத வருமானமாகவே அதை அரசு கருதலாம். மேலும், கணக்கைப் பெற்றுக்கொண்ட பின் அதைத் திருத்தி வரி விதிக்க அரசுக்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலமே உண்டு. கணக்கே வராத ஆண்டுக்கு அந்த மூன்றாண்டு தொடங்குவதே இல்லை. இருபதாண்டு கழிந்தாலும் அந்த ஆண்டு திறந்த கதவாகவே கிடக்கும். இன்னொன்றும் உண்டு. தனிநபருக்கு இவ்வளவு வருமானத்துக்கு மேல் இருந்தால்தான் கணக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறதல்லவா? வெளிநாட்டவரை மணந்து தனியே கணக்கு அனுப்பும் அமெரிக்கருக்கு அந்த வரம்பு ஐந்து டாலர்! ஐந்தாயிரம் அன்று, ஐந்து. ஒரு வேளைச் சிற்றுண்டிக்குக்கூடப் போதாத தொகை.

இருந்தாலும் உண்மையான அச்சம் வரியினால் வருவதன்று. வங்கிக் கணக்கைப் பற்றிய அறிக்கையினால் வருவது. 1970இல் இயற்றப்பட்ட வங்கி இரகசியச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பெயர் அப்படி இருப்பினும், இரகசியத்தை உடைப்பதே அதன் நோக்கம். கறுப்புப் பணத்தை அயல்நாட்டு வங்கிகளில் மறைப்போரைப் பிடிக்க அது பிறந்தது. அமெரிக்கர் ஒருவருடைய வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரே ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால், அக்கணக்குகள் யாவற்றையும் தனி அறிக்கையாகத் தெரிவிக்க வேண்டும். அந்த 10,000 என்னும் வரம்பு விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படவேயில்லை. வெளிநாட்டில் வாழ்பவருக்கு அந்த “வெளிநாட்டு வங்கி” என்பது எது? தெருமுனையில் உள்ள வங்கிதான்! அவருடைய சம்பளம் வந்து விழும் கணக்கும், கணவருடன் சேர்ந்து வைத்திருக்கும் கணக்கும், ஊர் நூலகக் குழுவின் பொருளாளர் என்னும் முறையில் அவர் கையொப்பமிடும் கணக்கும் எல்லாமே அதில் அடங்கும். நூலகப் பணம் அவருடையதன்று. ஆனாலும் கையொப்ப அதிகாரம் இருந்தால் போதும்.

இந்த அறிக்கையை அனுப்பத் தவறினால், அறியாமல் தவறியவருக்கே 10,000 டாலர் வரை அபராதம் என்று சட்டம் கூறிற்று. பிற்காலத்தில் விலைவாசியோடு சேர்ந்து அந்தத் தொகை உயர்ந்தும் வருகிறது. (வரம்பு உயரவில்லை, அபராதம் மட்டும் உயர்கிறது!) வேண்டுமென்றே மறைத்தவருக்கோ கணக்கிலுள்ள பணத்தில் பாதி வரை போய்விடலாம். இந்த அபராதம் எவ்வளவு கொடுமையாகக் கூடும் என்பதை அலெக்சாண்ட்ரு பிட்னர் என்பவருடைய வழக்கால் உலகம் அறிந்தது.

பிட்னர் ருமேனியாவில் பிறந்தவர். 1982இல் இளைஞராக அமெரிக்கா சென்றார். உணவகத்தில் தட்டுக் கழுவினார், குழாய் வேலை செய்தார், குடியுரிமையும் பெற்றார். ருமேனியாவில் கம்யூனிஸ்டு ஆட்சி வீழ்ந்தபின் 1990இல் தாய்நாடு திரும்பி, வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார். வங்கிக் கணக்கு அறிக்கை என்று ஒன்று இருப்பது பல ஆண்டுகளாக அவருக்குத் தெரியாது. 2011இல் மீண்டும் அமெரிக்கா சென்றபோது அறிந்து, விடுபட்ட ஐந்தாண்டு அறிக்கைகளை அனுப்பினார். வருவாய்த்துறை அவற்றை ஐந்து தவறாக எண்ணவில்லை. ஐந்தாண்டுகளிலும் இருந்த கணக்குகளை ஒவ்வொன்றாக எண்ணி 272 தவறுகள் என்றது. 27,20,000 டாலர் அபராதம் விதித்தது. இத்தனைக்கும், அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்று துறையே கூறவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வந்தது. அபராதம் அறிக்கைக்கு ஒன்றே அன்றிக் கணக்குக்கு ஒன்று அன்று என்பதே முடிவு. 27 இலட்சம் 50,000 ஆகச் சுருங்கியது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, 1970ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஆசிரியை 2025இல் ஏன் அஞ்ச வேண்டும்? இடையில் 2010இல் வந்த ஒரு சட்டமே காரணம். அயல்நாட்டுக் கணக்கு வரி இணக்கச் சட்டம் என்பது அதன் பொருள். ஃபேட்கா என்று சுருக்கமாக வழங்குவர். உலகின் வங்கிகள் எல்லாம் தம்மிடம் உள்ள அமெரிக்க வாடிக்கையாளர்களைக் கண்டறிந்து தெரிவிக்க வேண்டும். மறுத்தால் அமெரிக்காவிலிருந்து அவ்வங்கிக்கு வரும் பணத்தில் நூற்றுக்கு முப்பது பிடித்துக்கொள்ளப்படும் என்பது அச்சட்டத்தின் சாட்டை. 2014 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கனடா அதே ஆண்டில் உடன்படிக்கை செய்துகொண்டது. இந்தியா 2015இல் செய்துகொண்டது. பிறந்த ஊர் அமெரிக்காவில் என்றால் வங்கி கேள்வி கேட்டே தீரும். முன்பு ஒருவர் அறியாமையிலே பிறந்து அறியாமையிலே மறையலாம். இப்போது அது அரிது.

இங்கே நம் நாட்டோடு ஓர் உறவு இருப்பதையும் குறிப்பிட வேண்டும். மேற்படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் அமெரிக்கா சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல, அங்கே பிறந்த குழந்தைகளோடு சென்னைக்கும் கோவைக்கும் திரும்பியிருக்கின்றன. நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆதலால் அக்குழந்தைகள் அமெரிக்கக் கடவுச்சீட்டோடு, கடல்கடந்த இந்தியர் என்னும் அட்டையும் பெற்று இங்கே படிக்கிறார்கள். இந்த உரையைப் படிக்கும் மாணவர்களில் சிலரே அவ்வாறு இருக்கலாம். பேரன் பெயரில் தாத்தா அன்போடு போட்டு வைத்த வைப்புத்தொகை எட்டு, ஒன்பது இலட்சம் ரூபாய் அளவைத் தாண்டினால் அந்தச் சிறுவனுக்கும் வங்கி அறிக்கைக் கடமை உண்டு. அவன் சார்பில் பெற்றோர் அனுப்ப வேண்டும். இந்தியாவில் வரியில்லாத வருங்கால வைப்புநிதி வட்டிக்கு அமெரிக்காவில் அந்த விலக்கு இல்லை. மியூச்சுவல் பண்டு வாங்கியிருந்தாலோ சிக்கல் இன்னும் பெரிது. வெளிநாட்டு மியூச்சுவல் பண்டுகளை அமெரிக்கச் சட்டம் ஐயத்தோடு பார்க்கிறது. அவற்றுக்குத் தனிப் படிவமும் கடுமையான கணக்கும் வைத்திருக்கிறது. இத்தகையோர் தாமே முயலாமல், இத்துறையில் பழகிய கணக்கரை நாடுவதே நன்று.

இனி ஆசிரியையிடம் திரும்புவோம். அவருக்கு ஒரு வாயில் திறந்திருக்கிறது. அறியாமையால் தவறியவர்களையும், மறைத்துப் பதுக்கியவர்களையும் ஒரே தராசில் வைப்பது தகாது என்று வருவாய்த்துறைக்கே தோன்றிற்று. 2012இல் ஒரு சிறு சலுகை முறையை ஏற்படுத்தி, 2014 ஜூனில் அதை விரிவாக்கியது. வெளிநாட்டில் வாழ்வோருக்கான எளிய முறை என்று அதைச் சொல்லலாம். முப்பதாண்டுக் கணக்கும் வேண்டா. கடைசி மூன்றாண்டு வரிக் கணக்கும், கடைசி ஆறாண்டு வங்கி அறிக்கையும் போதும். வரி ஏதேனும் இருந்தால் வட்டியோடு செலுத்த வேண்டும். அபராதம் இல்லை.

ஆயினும் அதற்கு நிபந்தனைகள் உண்டு. வருவாய்த்துறை ஒருவருடைய கணக்கைத் தானே ஆராயத் தொடங்கிவிட்டால் அவருக்கு அந்த வாயில் அடைபட்டுவிடும். நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். சமூகப் பாதுகாப்பு எண் என்னும் அமெரிக்க அடையாள எண்ணும் வேண்டும். நம் ஆசிரியை அதைப் பெற்றதே இல்லையாதலால், முதலில் பிறப்புச் சான்றிதழோடு அதற்கு விண்ணப்பித்தார். அதிலேயே சில மாதங்கள் சென்றன.

அடுத்த நிபந்தனைதான் அவரைத் திடுக்கிட வைத்தது. கடைசி மூன்று ஆண்டுகளில் ஏதாவது ஓர் ஆண்டிலேனும் 330 முழு நாள்கள் அமெரிக்காவுக்கு வெளியே இருந்திருக்க வேண்டும். அங்கே வீடும் இருந்திருக்கக் கூடாது. வீடு இல்லை, ஆனால் நாள்? “நான் கனடாவிலேயே வாழ்பவள், இதில் என்ன ஐயம்?” என்று அவர் சொல்லலாம். முழு நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. பாலத்தைக் கடந்து அரை மணி நேரம் பெட்ரோல் போட்டுத் திரும்பினாலும் அந்த நாள் முழு நாளாகாது. ஆண்டுக்கு 35 நாள்களே அவர் அப்படிச் செலவிடலாம். வாரம் ஒருமுறை கடப்பவருக்கு 52 நாள் ஆகிவிடுமே! சென்னையிலோ பெர்லினிலோ வாழும் ஒருவருக்கு இந்த நிபந்தனை ஒரு பொருட்டே அன்று. ஆற்றங்கரையில் வாழ்பவருக்கோ ஆறே பகையாகிறது.

அவரும் கணவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து பழைய நாட்குறிப்பையும் கடை ரசீதுகளையும் வைத்துக்கொண்டு எண்ணினார்கள். 2024இல் 47 நாள். 2022இல் 51 நாள். 2023இல் அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பல மாதம் வண்டி ஓட்டவில்லை. அந்த ஆண்டில் 28 நாள். ஓர் ஆண்டு போதும் என்பதால் தப்பினார். அன்று தன்னை முடக்கிய கால்வலிக்கு இன்று அவர் நன்றி சொல்லியிருப்பார். ஊதிய விலக்கைப் பெறவும் இதே 330 நாள் கணக்கு ஒரு வழிதான். ஆனால் அதற்கு மாற்று வழி உண்டு. ஆண்டு முழுவதும் அயல்நாட்டில் மெய்யாகவே நிலைக்குடியாக இருந்தார் என்று காட்டினால் போதும். ஆகவே மற்ற இரண்டு ஆண்டுகளிலும் விலக்குக்குக் குறைவில்லை.

எஞ்சியது ஒரு படிவம். அதன் எண் 14653. பார்ப்பதற்குச் சிறியது. தவறு வேண்டுமென்றே செய்ததன்று, கவனக்குறைவாலோ அறியாமையாலோ சட்டத்தை நல்லெண்ணத்தோடு தவறாகப் புரிந்துகொண்டதாலோ நேர்ந்தது என்று அதில் உறுதி கூற வேண்டும். வெறும் “எனக்குத் தெரியாது” என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். எங்கே பிறந்தார், எப்படி வளர்ந்தார், எந்த வங்கியில் ஏன் கணக்கு வைத்தார், உண்மையை எப்போது, எப்படி அறிந்தார் என்று தம் கதையை முழுமையாகச் சொல்ல வேண்டும். தமக்குச் சாதகமானதை மட்டுமன்றிப் பாதகமானதையும் சொல்ல வேண்டும். பொய்யென்றால் பொய்ச்சான்று கூறிய குற்றம்.

ஆசிரியை எழுதத் தொடங்கினார். பிறப்பு, பள்ளி, திருமணம் யாவும் எளிதாக வந்தன. பிறகு ஓர் இடத்தில் பேனா நின்றது. 2016ஆம் ஆண்டில் அவருடைய பழைய வங்கி ஒரு தாள் அனுப்பியிருந்தது. “தாங்கள் அமெரிக்கக் குடிமகரா?” என்று அதில் ஒரு கேள்வி. அவர் “இல்லை” என்னும் கட்டத்தில் குறியிட்டு அனுப்பிவிட்டார். தாம் கனடா நாட்டவர் என்று மனமார நம்பியே அப்படிச் செய்தார். ஆனால் இன்று அதைப் படிக்கும் அதிகாரி அப்படியே நம்புவாரா? தெரிந்தே மறைத்தார் என்று எண்ணமாட்டாரா? அந்தத் தாளைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

கணவர் விட்டுவிடலாம் என்றார். உறவினர் ஒருவர், “இந்தப் படிவமே வேண்டா, பழைய கணக்குகளைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடு” என்றார். அப்படி அனுப்புவோர் உண்டு. வரி இல்லாதபோது வரியைப் பொறுத்த தாமத அபராதமும் இல்லை என்பது மெய்யே. ஏனெனில் அந்த அபராதம் வரியின் விழுக்காடாகவே கணக்கிடப்படும். ஆனால் வங்கி அறிக்கைக்கான அபராதத்துக்கு அந்தக் காப்பு இல்லை. எளிய முறை தரும் பாதுகாப்பும், அந்த முறையின்படி அனுப்பினால்தான் கிடைக்கும். கணக்கரோ, “அந்தத் தாள் வங்கியில் இன்னும் இருக்கிறது. தாங்கள் எழுதினால் அது அறியாமைக்குச் சான்று, எழுதாமல் விட்டால் மறைத்ததற்குச் சான்று” என்றார்.

ஒருவருக்கு இந்தப் படிவம் உண்மையில் வைக்கும் சோதனை இதுதான் என்று நான் கருதுகிறேன். கூட்டலும் கழித்தலும் எந்தக் கணக்கரும் செய்துவிடுவார். தமக்கு எதிராகக்கூடிய ஒரு வரியைத் தம் கையாலே எழுதுவது பிறர் செய்யக்கூடியதன்று. இங்கிலாந்தின் தலைமை அமைச்சராக இருந்த போரிஸ் ஜான்சனும் நியூயார்க்கில் 1964இல் பிறந்தவரே. தம் இலண்டன் வீட்டை விற்ற இலாபத்துக்கு அமெரிக்கா வரி கேட்டபோது, செலுத்த மாட்டேன் என்று 2014இல் வெளிப்படையாகவே சொன்னார். அடுத்த ஆண்டு செலுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. 2016இல் அக்குடியுரிமையையும் துறந்தார். புகழ்பெற்றவர் உரத்துச் சண்டையிடலாம். சிற்றூர் ஆசிரியைக்கு அந்த வசதி இல்லை. வெள்ளைத் தாளும் பேனாவுமே அவரிடம் உள்ளவை.

அவர் எழுதினார். 2016இல் வந்த தாளையும், தாம் இட்ட குறியையும், அன்று தம் மனத்தில் இருந்த எண்ணத்தையும் நான்கு வரியில் எழுதினார். நூலகக் கணக்கையும், கனடாவில் வரி விலக்குப் பெற்ற தம் சேமிப்புக் கணக்கையும் விடவில்லை. ஆறாண்டு வங்கி அறிக்கைகளைக் கணிப்பொறி வழியே அனுப்பினார். மூன்றாண்டு வரிக் கணக்குகளின் முதல் பக்கத்தின் மேற்புறத்தில், விதியின்படி, சிவப்பு மையில் அந்த முறையின் பெயரை எழுதினார். ஆசிரியை அல்லவா? சிவப்பு மைக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் உறையிலிட்டு டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகருக்கு அஞ்சலில் சேர்த்தார்.

இனி அவருக்கு மறுமொழி என்ன வரும்? பெரும்பாலும் எதுவும் வராது. பெற்றுக்கொண்டோம் என்றோ, ஏற்றுக்கொண்டோம் என்றோ வருவாய்த்துறை இந்த முறையில் கடிதம் எழுதுவதில்லை. மற்றக் கணக்குகளைப் போலவே இவற்றையும் ஆய்வுக்கு எடுக்க அதற்கு உரிமை உண்டு. அனுப்பிய மூன்று ஆண்டுகளுக்கும் இப்போதுதான் அந்த மூன்றாண்டுக் காலம் ஓடத் தொடங்கியிருக்கிறது. அடுத்த ஜூன் 15க்குள், வெளிநாட்டில் வாழ்வோருக்கு உரிய நாளில், புதிய ஆண்டின் கணக்கை அவர் அனுப்ப வேண்டும். அதற்கடுத்த ஆண்டும் அனுப்ப வேண்டும். சமையலறை நாட்காட்டியில் அந்த நாளைச் சுழித்து வைத்திருக்கிறார். அதன் அருகே, பாலத்தைக் கடக்கும் நாளிலெல்லாம் ஒரு சிறு கோடு இட்டு வருகிறார்.